நியூயார்க் தெருவில் கேமரா: அனுமதி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

நியூயார்க்கின் தெருக்களும் நடைபாதைகளும் பூங்காக்களும் பெரும்பாலும் நகர நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. அங்கே நின்று படம் எடுக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், நிக்காஹ் முடிந்த கையோடு புரூக்ளின் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் தம்பதியர், திரைக்கலை படிக்கும் மாணவர், சமுதாய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் இளைஞர் எனப் பலருக்கும் எழும் கேள்வி இது. தாடி, தொப்பி, ஹிஜாப் என்று அடையாளத்தோடு நடமாடுகிறவர்களுக்கு இதனோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. போலீஸ்காரர் வந்து நிறுத்தினால் என்ன சொல்வது?

முதலில் விடையைச் சொல்லிவிடுவோம். கையில் பிடித்த கேமராவோ கைப்பேசியோ கொண்டு, மற்றவர்களின் வழியை மறிக்காமல், நகரின் பொது இடத்தில் படம் எடுக்க அனுமதி தேவையில்லை. கேமராவை ட்ரைபாடில் வைத்து எடுத்தாலும் தேவையில்லை. விளக்கு, தண்டவாளம், ஜெனரேட்டர் போன்ற சாதனங்களை இறக்கினாலோ, படப்பிடிப்புக்காக வண்டிகளை நிறுத்தினாலோ, தெருவையோ நடைபாதையையோ நமக்கு மட்டும் என்று வளைத்துக்கொண்டாலோ அனுமதி கட்டாயம். விதியின் சாரம் இவ்வளவுதான்.

இந்த எளிய விதி 2008 வரை எழுத்தில் இல்லை. அதை எழுத வைத்தவர் ஓர் இந்தியர். அந்தக் கதையை நம் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எழுதப்படாத விதியில் சிக்கியவர்

2002 குஜராத் கலவரத்தை ஆவணப்படுத்திய 'ஃபைனல் சொல்யூஷன்' என்ற படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம், குறைந்தபட்சம் கேள்விப்பட்டிருப்போம். அதன் இயக்குநர் ராகேஷ் ஷர்மா. 2004-ல் இந்தியத் தணிக்கை வாரியம் அந்தப் படத்துக்கு முதலில் சான்றிதழ் தர மறுத்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே அதே ஆண்டில் தடை விலகியது. பெர்லின் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படம் அது.

2005 மே மாதம் அவர் நியூயார்க்கில் இருந்தார். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு டாக்ஸி ஓட்டுநர் போன்ற சாதாரண மக்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். மன்ஹாட்டனின் நடுப்பகுதியில், மெட்லைஃப் கட்டடத்துக்கு அருகே தெருவில் நின்று, கையடக்க வீடியோ கேமராவில் போக்குவரத்தைப் பதிவு செய்தபோது போலீஸ் அவரைப் பிடித்து வைத்தது. சில மணி நேரம் விசாரித்த பிறகே விட்டது. அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்றார்கள். சரி, அனுமதியே வாங்கிவிடுவோம் என்று பின்னர் அவர் நகரின் திரைப்பட அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். அங்கேயும் மறுப்புதான்.

யாருக்கு அனுமதி வேண்டும், யாருக்கு வேண்டாம், எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்று வெளியிடப்பட்ட விதி எதுவும் அப்போது இல்லை. மேயர் ஜான் லின்ட்சே 1966-ல் தொடங்கிய திரைப்பட அலுவலகம் அது. பல துறைகளுக்கு அலைய வேண்டியிருந்த நிலையை மாற்றி, ஒரே இடத்தில் அனுமதி என்று கொண்டுவந்தது உண்மையில் பெரிய வசதி. பெரிய ஸ்டூடியோக்களுக்கு அது நன்றாகவே பயன்பட்டது. தனியாளாகக் கேமராவோடு வருகிறவர் விஷயத்தில் மட்டும் எல்லாம் அதிகாரியின் மனப்போக்கில் விடப்பட்டிருந்தது. எல்லை எழுத்தில் இல்லாதபோது சந்தேகம் யார் மீது முதலில் விழும் என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணிகள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கேமராவைத் தூக்குகிற நகரம் அது.

நியூயார்க் குடியுரிமைச் சங்கம் அவர் சார்பில் 2006 தொடக்கத்தில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2007-ல் நகர நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. அவருக்கு இழப்பீடு தரவும், முறையான விதிகளை எழுதி வெளியிடவும் ஒப்புக்கொண்டது.

முதலில் வந்த வரைவு நிலைமையை மோசமாக்கியது. இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒரே பொது இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கேமராவைப் பயன்படுத்தினால் அனுமதி வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து ட்ரைபாட் வைத்துப் பத்து நிமிடம் தாண்டினாலும் வேண்டும். இருவகையினருக்கும் 10 லட்சம் டாலர் காப்பீடு வேறு! பூங்காவில் பிள்ளைகள் விளையாடுவதை அரை மணி நேரம் படம் பிடிக்கும் தாயும் தந்தையும்கூட இதில் அடங்கிவிடுவார்கள். எல்லோரையும் பிடிப்பதற்காக எழுதப்பட்ட விதி என்று இதை நாம் நினைக்கவில்லை. யாரை வேண்டுமானாலும் பிடிக்க வசதியான விதி என்பதே பொருத்தம். நகரின் புகைப்படக் கலைஞர்களும் சிறு பட இயக்குநர்களும் கொதித்தெழுந்தார்கள். கையெழுத்து இயக்கம் நடந்தது. கேலிப் பாட்டு வீடியோக்கள்கூட வந்தன. நிர்வாகம் வரைவைத் திரும்பப் பெற்று மாற்றி எழுதியது. 2008-ல் இறுதி விதி நடைமுறைக்கு வந்தது. ஆள் எண்ணிக்கையும் நிமிடக் கணக்கும் அதில் இல்லை. 'என்ன சாதனம் வைத்திருக்கிறார், வழியை மறிக்கிறாரா' என்ற இரண்டு கேள்விகள்தான் மிஞ்சின.

சாதனம் என்றால் எது?

விதியில் 'கையடக்கக் கருவி' என்று ஒரு வகை உண்டு. கையில் பிடித்து, எப்போதும் உடன் வைத்திருக்கும் புகைப்பட, வீடியோ கேமராக்களும், அவற்றைத் தாங்கும் ட்ரைபாடும் இதில் சேரும். வயர் இழுத்தால் இந்த வகையிலிருந்து வெளியே போய்விடுவோம். நாம் கையோடு கொண்டு செல்லாமல் தரையில் வைக்கும் பொருள்களும் அப்படியே. அரங்கப் பொருள்கள், விளக்குகள், திரைகள், கேமரா நகரும் தண்டவாளம் எல்லாம் 'சாதனம்'. இவற்றில் ஒன்று வந்தாலும் அனுமதி வேண்டும்.

நிக்காஹ் படம் எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். தம்பதியரும் கேமராக்காரரும் மட்டும் என்றால் கவலையில்லை. உதவியாளர் விளக்குக் கம்பத்தைத் தரையில் ஊன்றி, பூ வளைவை நிறுத்தி, வயரை இழுத்தால் அது அனுமதிக்குரிய படப்பிடிப்பு ஆகிவிடுகிறது. வாடகைக்கு அமர்த்தும் புகைப்படக்காரரிடம் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஓடும் காரில் உட்கார்ந்து வெளியே படம் எடுப்பதற்கு அனுமதி வேண்டாம். கார் போக்குவரத்து விதிகளின்படி ஓடினால் போதும்.

'வழியை மறிப்பது' என்பதும் அளவோடு சொல்லப்பட்டிருக்கிறது. தெருவின் ஒரு தடத்தையோ பாலத்தின் நடைவழியையோ பிடித்துக்கொள்வது, நடைபாதையில் பாதிக்கு மேல் அடைப்பது, மக்கள் நடக்க எட்டடி வழிகூட மிஞ்சாமல் செய்வது ஆகியவை மறிப்பதாகும். கயிறு கட்டித்தான் மறிக்க வேண்டும் என்றில்லை. 'கொஞ்சம் நில்லுங்கள், அந்தப் பக்கமாகப் போங்கள்' என்று வாய்மொழியாகத் திருப்பிவிட்டாலும் அது மறிப்பதுதான். புரூக்ளின் பாலத்தின் நடைவழி குறுகலானது, கூட்டமோ பெரியது. மணப்பெண்ணின் முந்தானையை விரித்துப் பிடித்து வருவோர் போவோரை நிறுத்திவைத்தால் கையடக்கக் கேமரா என்ற வாதம் எடுபடாது. அதிகாலையில் போவதே நல்லது.

ஊர்வலம், பேரணி, ஆர்ப்பாட்டம் ஆகியவற்றைப் படம் எடுப்பவர்களை விதி தனியாகவே காப்பாற்றுகிறது. கையடக்கக் கருவியோடு நின்றால் அனுமதி தேவையில்லை. 1985 முதல் மன்ஹாட்டனில் நடந்துவரும் முஸ்லிம் தின ஊர்வலத்தைப் பதிவு செய்யும் சமுதாய ஊடகங்களுக்கு இது முக்கியம். பத்திரிகையாளர் அட்டை வைத்திருப்போர் செய்தி சேகரிக்கும்போதும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த அட்டையை நெடுங்காலம் போலீஸ்தான் கொடுத்து வந்தது. தன்னைப் பற்றி எழுதுபவருக்குத் தானே அட்டை கொடுப்பது என்ன நியாயம் என்ற கேள்வி தொடர்ந்து எழுந்ததால், 2022 ஜனவரியில் அந்தப் பொறுப்பு மேயரின் ஊடக அலுவலகத்துக்கு மாறியது.

விண்ணப்பிப்பது எப்படி?

அனுமதி தருவது மேயரின் ஊடகம் மற்றும் பொழுதுபோக்கு அலுவலகம். பழைய திரைப்பட அலுவலகத்தின் இன்றைய வடிவம் இது. விண்ணப்பம் இணையவழியில் செய்வதுதான். படத்தின் விவரம், எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்னென்ன சாதனம், எத்தனை வண்டி என்று எல்லாம் எழுத வேண்டும். குறைந்தது இரண்டு வேலை நாட்கள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தெருவை அடைப்பது, துப்பாக்கி போன்ற பொருள்களைக் காட்டுவது, நடிகர்களுக்குப் போலீஸ் சீருடை அணிவிப்பது என்றால் இன்னும் முன்னதாகவே பேசிவிடுவது பாதுகாப்பு. பொம்மைத் துப்பாக்கிதானே என்று அனுமதியின்றித் தெருவில் எடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்கள் இதில் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

2010 வரை இந்த அனுமதிக்குக் கட்டணமே இல்லை. அந்த ஆண்டுதான் புதிய படத்துக்கு 300 டாலர் விண்ணப்பக் கட்டணம் வந்தது. இன்றைய தொகையை விண்ணப்பிக்கும்போது அலுவலகத்தின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைவிடக் கனமானது காப்பீடு. நகர நிர்வாகத்தையும் பயனாளியாகச் சேர்த்து 10 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு காட்ட வேண்டும். மாணவர் என்றால் கல்லூரியின் காப்பீடு உங்களையும் உள்ளடக்குமா என்று துறையில் முதலில் கேளுங்கள். கையிலிருந்து பணம் கட்டுவது அதற்குப் பிறகுதான். காப்பீடு எடுப்பது தாங்க முடியாத சுமை என்று காட்டினால் விலக்குக் கேட்கவும் விதியில் இடமுண்டு. பலர் இதைத் தெரியாமலேயே திட்டத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. அனுமதி தேவையில்லாத படப்பிடிப்புக்கும், விரும்பினால் 'விருப்ப அனுமதி' என்ற ஒரு தாளை இதே அலுவலகத்தில் வாங்கலாம். அதற்குக் காப்பீடு கேட்பதில்லை. சட்டப்படி அந்தத் தாள் இல்லாமலே நமக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் ஒரே இடத்தில் பல மணி நேரம் ட்ரைபாடோடு நிற்கப் போகும் மாணவருக்கும், அரசுக் கட்டடங்கள் சூழ்ந்த பகுதியில் எடுக்கப் போகிறவருக்கும் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளும்படியே நாம் சொல்வோம். உரிமை இருக்கும்போது ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் வாதிடலாம். அந்த வாதம் சரியானதே. ஆனால் வெயிலில் நின்று அதை ஒவ்வொரு காவலரிடமும் தனித்தனியாக நடத்த வேண்டியிருக்கிறது.

நகரின் சொத்து எது, எது இல்லை?

இதுவரை சொன்னதெல்லாம் நகர நிர்வாகத்துக்குச் சொந்தமான இடங்களுக்கு. பொது இடம் போலத் தெரிவதெல்லாம் நகரின் சொத்து இல்லை.

சுரங்க ரயிலை இயக்குவது மாநில அரசின் கீழுள்ள போக்குவரத்து ஆணையம். 2004-ல் ரயிலிலும் நிலையங்களிலும் படம் எடுப்பதையே தடை செய்யப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததால் 2005-ல் கைவிட்டார்கள். இன்று அங்கே படம் எடுக்கலாம், ஆனால் தெருவில் செல்லுபடியாகும் ட்ரைபாட் அங்கே கூடாது. விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் அட்டை ஆகியவையும் கூடாது. படிக்கட்டில் இறங்கியதும் விதி மாறிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

விமான நிலையங்கள், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், பெரிய பேருந்து முனையம் ஆகியவை இரண்டு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் துறைமுக ஆணையத்தின் கையில் உள்ளன. சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவு கூட்டாட்சி அரசின் தேசியப் பூங்கா. தேசியப் பூங்காக்களில் 2025 ஜனவரியில் வந்த சட்டப்படி, ஐந்து பேர் வரையுள்ள குழு கையடக்கக் கருவியோடு, பிறருக்கு இடைஞ்சல் இல்லாமல் எடுத்தால் அனுமதியும் கட்டணமும் இல்லை. நீதிமன்றக் கட்டடத்துக்குள் கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

நகரப் பூங்காவில் படம் எடுக்கத் தெருவுக்கான அதே விதிதான். ஆனால் 20 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், பூங்காத் துறையிடம் நிகழ்ச்சி அனுமதி வாங்க வேண்டும். பூங்காவில் நடக்கும் பெருநாள் தொழுகையும், மரத்தடியில் வைக்கும் நிக்காஹ் மஜ்லிஸும் இதில் அடங்கும். படப்பிடிப்பு அனுமதியும் நிகழ்ச்சி அனுமதியும் வெவ்வேறு. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

ட்ரோனைப் பொறுத்தவரை கதையே வேறு. நகரத்துக்குள் ட்ரோன் ஏற்றவும் இறக்கவும் நீண்ட காலம் வழியே இல்லாதிருந்தது. 2023 ஜூலையில்தான் காவல்துறையிடம் அனுமதி பெறும் முறை வந்தது. 30 நாட்கள் முன்னதாக விண்ணப்பம், 150 டாலர் கட்டணம், காப்பீடு என்று அது நீள்கிறது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் சிறிய ட்ரோனுக்கும் இது பொருந்தும்.

படத்தில் விழும் முகங்கள்

பொது இடத்தில் நாம் மற்றவர்களைப் படம் எடுக்கலாம் என்றால், மற்றவர்களும் நம்மை எடுக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் தெருவில் நடந்துபோகும்போது யாரோ எடுத்த படம் ஒரு செய்தியில் வந்தால் நியூயார்க் சட்டம் அதைத் தடுப்பதில்லை. விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ ஒருவரின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த வேண்டுமானால் அவரது எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். 1903 முதல் இருக்கும் சட்டம் இது. மீறினால் வழக்குப் போட்டு நிறுத்தவும் இழப்பீடு கேட்கவும் முடியும். ஹிஜாப் அணிந்த பெண்ணின் தெருப் படம் கேட்காமலே ஒரு துணிக்கடையின் விளம்பரத்தில் வந்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிறரைப் படமெடுக்கும் நம் இளைஞர்களும் இதே அளவுகோலை மறக்கக் கூடாது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவரைத் துரத்தி எடுப்பது நமக்கு அழகல்ல.

நிறுத்தினால்?

2008 விதி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. நகரின் காவல்துறை பள்ளிவாசல்களையும் முஸ்லிம் மாணவர் அமைப்புகளையும் உளவு பார்த்து வந்தது 2011-ல் பத்திரிகைகளில் அம்பலமானது. அதைச் செய்த பிரிவு 2014-ல்தான் கலைக்கப்பட்டது. எனவே கவலைக்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

சுரங்க ரயில் நிலையங்களைப் படம் எடுத்ததற்காக ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு 2007-ல் கைவிலங்கு போட்டார்கள். அவரும் வழக்குப் போட்டார். அதை ஒட்டி 2009-ல் காவல்துறை தன் அதிகாரிகள் அனைவருக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. பொது இடங்களைப் படம் எடுப்பது வழக்கமான செயல், அது அரிதாகவே சட்டவிரோதமாகும் என்று அதில் நினைவூட்டியது. எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அழிக்கவும் கூடாது என்றும் சொன்னது. கைது செய்யப்பட்டவரின் கைப்பேசியைக்கூட நீதிமன்ற ஆணையின்றித் துழாவக் கூடாது என்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீசாரின் செயல்களையே பதிவு செய்யும் உரிமையை நியூயார்க் மாநிலமும் நகரமும் 2020-ல் தனித்தனிச் சட்டங்களாக்கின. அவர்களது பணிக்கு இடையூறு செய்யக் கூடாது என்பதே நிபந்தனை.

காவலர் வந்து 'என்ன எடுக்கிறீர்கள்' என்று கேட்டால் அமைதியாகப் பதில் சொல்வது பெரும்பாலும் அங்கேயே விஷயத்தை முடித்துவிடும். 'நான் போகலாமா' என்று கேளுங்கள். போகலாம் என்றால் கிளம்பிவிடுங்கள். கைப்பேசியைக் கேட்டால், 'தேடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை' என்று வாயால் சொல்லுங்கள். பறித்தால் கையைத் தட்டிவிடவோ இழுக்கவோ வேண்டாம். கையைத் தட்டினால், படம் எடுத்ததில் இல்லாத குற்றம் அங்கே உண்டாகிவிடும். விசா நிலையில் இருக்கும் மாணவருக்கு அப்படி ஒரு வழக்கு, அது பிறகு தள்ளுபடி ஆனாலும், பல மாத மன உளைச்சல். காவலரின் பெயர், பட்டை எண், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள நகரச் சட்டப்படி, சந்தேகத்தின் பேரில் நிறுத்திக் கேட்கும் பல சூழல்களில் காவலரே தம் பெயர் அட்டையைத் தர வேண்டும். அவர் தராவிட்டால் கேளுங்கள். புகார் கொடுக்க வேண்டிய இடம் காவல் நிலையம் அல்ல, காவல்துறைக்கு வெளியே இயங்கும் பொதுமக்கள் புகார் ஆய்வு வாரியம். நகரின் 311 எண்ணை அழைத்தால் அங்கே இணைப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.